செம்பாட்டு மண்ணில் ஒரு லான்ட்மாஸ்டர்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், இரண்டு சக்கரங்களும் இரண்டு நீண்ட கைப்பிடிகளும் கொண்டு, பின்னால் ஒரு பெட்டியை இழுத்தபடி ஒழுங்கைகளில் தடதடத்துச் செல்லும் சிறிய உழவு யந்திரம் எதுவாயினும், அது ஜப்பானிலிருந்து வந்ததோ சீனத்திலிருந்து வந்ததோ, சிவப்பு வர்ணமோ நீல வர்ணமோ, ஜனங்கள் அதை 'லான்ட்மாஸ்டர்' என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள். விபத்துச் செய்தி எழுதும் பத்திரிகைக்காரரும், நெல் மூட்டை ஏற்றக் கூலி பேசுகிறவரும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவரும் இந்தப் பெயரைச் சொல்லும்போது, அது ஒரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பெயராயிருந்தது என்பதை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேர்ந்ததில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகருக்கு வடக்கே உள்ள ஹக்னல் என்னும் சிற்றூரில், காய்கறித் தோட்டங்களுக்கும் பழத்தோட்டங்களுக்குமென்று, பின்னால் நடந்தபடி கையால் பிடித்து ஓட்டும் சிறு உழவு யந்திரங்களைச் செய்த நிறுவனத்தின் பெயர் அது. அந்த யந்திரங்கள் உற்பத்தியாகாமல் நின்று எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும், கடல் கடந்து வந்த இடத்தில், ஒரு வகை யந்திரம் முழுவதற்கும் பொதுப் பெயராக நிலைத்துவிட்டது.

அந்தப் பெயருக்கு உண்மையாகவே உரிய ஒன்று எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலின் மூலையில், பழைய பனையோலைப் பாய்களுக்கும் உடைந்த துலாக் கயிறுகளுக்கும் நடுவே, நெடுங்காலமாகக் கிடந்தது. அதைச் சென்ற பங்குனி மாதத்தில் வெளியே இழுத்து, மீண்டும் ஓடச் செய்த முயற்சியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆனால் அதன் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால், அது எங்கிருந்து எதற்காக எங்கள் மண்ணுக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுவதே முறையாகும்.

கலப்பையின் சரித்திரம் ஆயிரக்கணக்கான வருஷங்கள் பழையது. சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் யந்திரத்தின் சரித்திரமோ ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே கூடியது. கொழு ஒரே திசையில் மண்ணைப் பிளந்து செல்வது. அதை இழுக்க மாடோ யந்திரமோ தன் பலம் முழுவதையும் முன்னோக்கிச் செலவிட வேண்டும். அந்தப் பலத்தைக் கத்திகளைச் சுழற்றுவதில் செலவிட்டால், இழுக்கும் பாரம் குறைவதோடு, உழுவதும் கட்டி உடைப்பதும் ஒரே நடையில் முடியுமே என்ற எண்ணம் உலகில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் தோன்றியது. சுவிட்சர்லாந்தில் கொன்ராட் ஃபொன் மேயன்பர்க் என்பவர் வளைந்து கொடுக்கும் வில்லுக் கம்பிகளை நகங்களைப் போல ஓர் அச்சில் பொருத்திச் சுழலவிட்டுப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துக் கில்கண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிஃபர்ட் ஹவர்ட் என்ற பதினாறு வயதுப் பையன், 1912-ஆம் வருஷத்தில், தந்தையின் பண்ணையில் இதையே பரீட்சித்தான். முதலில் அவன் பொருத்திய கத்திகள் மண்ணைக் கிளறினவேயன்றி, அதைப் பக்கவாட்டில் வாரி வீசிவிட்டன. நுனி வளைந்து மடங்கிய கத்திகளை அவன் அமைத்த பின்னரே மண் பொடிந்த இடத்திலேயே விழுந்து தங்கியது. இன்று எங்கள் தோட்டங்களில் ஓடும் எல்லா யந்திரங்களிலும் காணும் கத்தி அந்த மடங்கிய கத்திதான். ஹவர்ட் 1922-இல் கம்பெனி ஆரம்பித்து, 1938-இல் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கேயும் தொழிற்சாலை நிறுவினார். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிந்திய இங்கிலாந்தில், சிறு தோட்டக்காரர்களுக்கென்று இத்தகைய யந்திரங்களைச் செய்யப் பல கம்பெனிகள் முளைத்தன. ஹக்னலிலிருந்த லான்ட்மாஸ்டரும் அவற்றுள் ஒன்று.

ஆங்கிலேயத் தோட்டக்காரனுக்கென்று செய்த பொருள் எங்கள் நிலத்திற்கு இத்தனை பொருத்தமாய் அமைந்தது எப்படி என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் நிலத்தை ஏக்கரில் சொல்வதில்லை, பரப்பில்தான் சொல்வான். பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். அத்தகைய பரப்புகள் நாலைந்தை வைத்துக்கொண்டு, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மாறி மாறிப் பயிரிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெண்களைக் கரைசேர்த்த குடும்பங்கள் வலிகாமத்தில் அனந்தம். அந்தச் செம்பாட்டு மண்ணை மண்வெட்டியால் கொத்துவதே வழக்கம். விடியற்காலையில் ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, ஒருவர் வெட்டு மற்றவர் வெட்டோடு சேரும்படி ஒரே தாளத்தில் கொத்திச் செல்வதும், வெட்டிய சாலில் பூவரசங் குழையைப் பரப்பித் தாழ்ப்பதும், கிணற்றடியில் ஒருவர் துலா மிதிக்க மற்றவர் பட்டையால் தண்ணீர் இறைப்பதும் நான் சிறு பிராயத்தில் கண்ணாரக் கண்ட காட்சிகள். பெரிய டிராக்டர் அந்தத் தோட்டங்களுக்குள் வர முடியாது. கிளுவங் கதியால் வேலிகள் இரு மருங்கும் நெருங்கிய ஒழுங்கையில் அது நுழைந்தாலும், தோட்டத்தின் கோடியில் திரும்ப இடமில்லை. மாட்டு ஏரோ திரும்பும். ஆனால் குழை தாழ்க்கும் ஆழத்திற்கு மண்ணைப் புரட்டாது. இரண்டுக்கும் நடுவே, வேலிப் படலையால் நுழையக்கூடிய அகலத்தில், ஒரே ஆள் பிடித்துத் திருப்பக்கூடிய பாரத்தில் ஒரு சாதனம் வேண்டியிருந்தது. அதைத் தேடி எவரும் எங்கும் போகவில்லை. ஆயினும் அது வந்து சேர்ந்தது.

அது வந்து சேர்ந்ததற்கு ஒரு மனிதரின் பிரயாசையும் காரணம். 1924-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்று, ஆகாய விமானம் முதல் பாய்க்கப்பல் வரை எல்லாவற்றிலும் ஈடுபாடு கொண்டிருந்த ரே விஜேவர்தன என்ற இலங்கையர், ஆசிய நாடுகளின் சிறு வயல்களுக்கு ஏற்ற இரு சக்கர உழவு யந்திரம் ஒன்றை 1950-களில் வடிவமைத்தார். அது லான்ட்மாஸ்டர் என்ற பெயரோடு நாட்டிங்காமில் உற்பத்தியானது. எருமைகளைக் கட்டிச் சேறு மிதிப்பித்த வயல்களில், முழங்கால் சேற்றில் ஒரு மனிதன் யந்திரத்தின் பின்னால் நடக்கும் காட்சி அந்தத் தசாப்தத்தில்தான் இலங்கையின் கிராமங்களுக்குப் புதிதாயிற்று. இந்த மனிதரைப் பற்றி நான் மிகுந்த மதிப்புடன் எண்ணுவதற்கு அவர் யந்திரம் செய்தது மட்டும் காரணமன்று. பிற்காலத்தில் அவர் தாமே செய்த பொருளைத் தாமே விசாரணைக்கு உட்படுத்தினார். யந்திரம் உழவின் பாரத்தைக் குறைத்ததே தவிர விளைச்சலைக் கூட்டியதா, எருமை தந்த சாணத்தையும் கன்றையும் அது தருமா, மண்ணை இத்தனை கிளறத்தான் வேண்டுமா என்ற கேள்விகளைத் தயக்கமின்றி எழுப்பி, நைஜீரியாவின் இபாடான் நகரத்து ஆராய்ச்சி நிலையத்திலும் பின்னர் தாய்நாட்டிலும், உழாமல் பயிர் செய்து மண்ணைக் காக்கும் முறைகளில் தம் உழைப்பைச் செலுத்தினார். தான் பெற்ற பிள்ளையின் குற்றங்களைச் சபையில் எடுத்துச் சொல்லும் தகப்பனைக் காண்பது அரிது. அவர் 2010-இல் காலமானார்.

எங்கள் வீட்டு யந்திரத்தைப் பெரியப்பா வாங்கியது அறுபதுகளின் தொடக்கத்தில். அது புதிதாக வந்ததன்று; கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து, இரண்டு போகம் ஓடிய பின் கைமாறி வந்தது. அதன் வயிற்றிலிருந்தது ஒற்றைச் சிலிண்டர் வில்லியர்ஸ் எஞ்சின். வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தில் செய்தது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் இனம். அது முதன்முதலில் எங்கள் தோட்டத்தில் இறங்கிய நாளில், கொத்துக்கு வரும் ஐந்து பேரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும், மாலையில் பெரியப்பா அவர்களுக்கு அன்றைக் கூலியைக் குறையாமல் கொடுத்தனுப்பினார் என்றும் அம்மா சொல்லுவார். மறு நாளும் அதற்கு மறு நாளும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எங்கள் குடும்பத்தின் ஞாபகத்தில் தங்கவில்லை. ஒரு யந்திரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவன் அந்த ஐந்து பேரையும் எழுதாமல் விட்டால் அது அரைச் சரித்திரமே என்பதால், எனக்குத் தெரிந்த இவ்வளவையேனும் இங்கே பதிகிறேன்.

எழுபதுகளில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலம் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்குச் செல்வாக்கான காலமாயிற்று. கல் வீடுகள் எழுந்தன; கிணறுகள் தோறும் துலாவுக்குப் பதிலாக நீர் இறைக்கும் மிசின்கள் முழங்கின; ஜப்பான் தேசத்துக் குபோட்டாவும் யன்மாரும் டீசல் எஞ்சினோடு வந்து, பழைய ஆங்கிலேய யந்திரங்களை ஓரங்கட்டின. யன்மார் கம்பெனியார் 1933-ஆம் வருஷத்திலேயே சிறு டீசல் எஞ்சினைச் செய்து காட்டியவர்கள். அந்த அனுபவத்தின் முன் எங்கள் வில்லியர்ஸ் நிற்கக்கூடவில்லை. புதிதாக வந்தவற்றையும் ஊர் லான்ட்மாஸ்டர் என்றே அழைத்தது. உண்மையான லான்ட்மாஸ்டரோ கொட்டிலுக்குப் போயிற்று.

அது கொட்டிலிலிருந்து முதன்முறை எழுந்து வந்தது 1990-க்குப் பின். உள்நாட்டு யுத்தம் மறுபடி மூண்டு, வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, மின்சாரம் நின்று, பெற்றோலும் டீசலும் பற்றரியும் யூரியாவும் தடுக்கப்பட்ட அந்த வருஷங்களை அனுபவித்தவர்களுக்கு மண்ணெண்ணெய்ப் புகையின் வாசனை ஒன்றே போதும், எல்லாம் நினைவுக்கு வர. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஐம்பதுகளில் வந்த ஆஸ்டின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள்காரர்கள் சட்டைப்பையில் சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேட்டரில் சில துளிகள் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊர் முழுதும் அப்படிக் கற்றுக்கொண்ட வித்தையை, எங்கள் லான்ட்மாஸ்டர் தன் பிறப்பிலேயே கொண்டிருந்தது.

அந்த வித்தையின் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். ஆகையால் குளிர்ந்த எஞ்சினிலும் பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் சூடேறினால்தான் ஆவியாகும். அதற்காக இந்த எஞ்சினில் இரண்டு தாங்கிகள் உண்டு. சிறியது பெற்றோலுக்கு, பெரியது மண்ணெண்ணெய்க்கு. பெற்றோலில் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, சிலிண்டர் தலையில் தண்ணீர்த் துளி தெளித்தால் சீறும் அளவு சூடான பின், குழாயின் திறப்பை மறுபக்கம் திருப்ப வேண்டும். நிறுத்தும்போதும் அப்படியே, கடைசிச் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டு, காபரேட்டரில் மண்ணெண்ணெய் எஞ்சாதபடி நிறுத்தினால்தான் மறு நாள் காலையில் அது கண் விழிக்கும். இதிலே இன்னொரு ஆபத்தும் உண்டு: முழுதும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் ஓரமாக வழிந்து, கீழே உள்ள எஞ்சின் ஒயிலோடு கலந்து, அதை நீர்த்துப் போகச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்றாதவனின் எஞ்சின் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே தேய்ந்துவிடும். தடைக்காலத்தில் ஒயிலுக்கும் தட்டுப்பாடு. வடிகட்டிய பழைய ஒயிலையே திரும்பத் திரும்ப ஊற்றி ஓட்டினோம். அந்தத் தேய்மானத்தை இப்போதும் இந்தச் சிலிண்டரின் சுவரில் விரலால் தடவி அறியலாம்.

1995 ஒக்டோபர் 30-ஆம் தேதி இரவு, யுத்தம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய பாதையில், இலட்சக்கணக்கானோர் அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்த அந்த இரவில், டிராக்டர்களும் லான்ட்மாஸ்டர்களும் மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. எங்கள் யந்திரத்தின் பெட்டியில் படுக்கையாய்க் கிடந்த பெரியம்மாவும், இரண்டு மூட்டை நெல்லும், அயல் வீட்டுக் குழந்தைகள் மூவரும். மண்ணெண்ணெய் அரைத் தாங்கிதான் இருந்தது. மனித நடையிலும் குறைந்த வேகத்தில் விடியும்வரை ஊர்ந்தும் அது நிற்கவில்லை. மறு வருஷம் வீடு திரும்பியபோது அதைப் பெட்டியோடு தள்ளிக்கொண்டுதான் வந்தோம், கொட்டிலில் நிறுத்தினோம், அதன் பின் அதைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை.

இத்தனை காலத்துக்குப் பின் அதைத் திறந்து பார்க்க என்னோடு வந்தவர், சுன்னாகம் சந்தைப் பக்கத்தில் சிறு பிராயத்திலேயே கராஜ் வேலைக்குச் சேர்ந்து, எழுபது வயதைக் கடந்த பின்னும் கையில் கிறீஸ் இல்லாத நாளில்லாத ஒரு மெக்கானிக். நான் கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அவசரப்படாதை, தம்பி. இறுகிக் கிடக்கிற பிஸ்டனை இழுத்தால் றிங் முறிஞ்சுபோம். முதல்லை நனைப்பம்," என்றார்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையின் வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து கால் சுண்டு ஊற்றி, துணியால் அடைத்து, மூன்று நாள் அப்படியே விட்டோம். நாலாம் நாள் காலையில் அவர் சுழற்சிச் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து, பலங்காட்டாமல், முன்னும் பின்னும் தொட்டில் ஆட்டுவதைப் போல ஆட்டினார். ஒரு விரற்கடை அசைந்தது. பிறகு இரண்டு விரற்கடை. அரை மணி நேரத்தில் முழுச் சுற்றும் வந்தது. பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்து அழுத்திச் சுற்றச் சொன்னார். விரலைத் தள்ள வேண்டிய காற்று தள்ளவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு வால்வு திறந்தபடியே துருப்பிடித்து நின்றது. இந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பதால், தலையை மட்டும் கழற்றினால் போதும். வால்வின் தண்டில் மண்ணெண்ணெய் விட்டு, மரச் சுத்தியலால் தட்டியும் உயர்த்தியும், பிற்பகலுக்குள் அதை வழிக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்தது பொறி. சுழற்சிச் சக்கரத்துக்குள் இருக்கும் மாக்னெட்டோவின் இரண்டு முனைகளும் பச்சை பூத்திருந்தன. அவற்றை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை அளக்க, என் மருமகளின் கலியாணக் கார்ட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இடையே செருகினார். அந்த அட்டை இறுக்கமும் தளர்வும் இல்லாமல் வழுக்கி வெளிவந்தால் இடைவெளி சரி. அதற்கென்று அளவுத் தகடுகள் அவரிடம் இல்லாமல் இல்லை. ஐம்பது வருஷம் அட்டையால் அளந்த கைக்கு அதுவே பிரமாணம். பிளக்கை எஞ்சின் உடலில் சாய்த்து வைத்துச் சக்கரத்தைச் சுண்டியபோது, பட்டப்பகலிலும் கண்ணுக்குத் தெரியும்படி நீலமாய் ஒரு பொறி பாய்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பையை எடுத்தார்.

காபரேட்டரைத் திறந்தபோது, முப்பது வருஷத்துக்கு முந்திய மண்ணெண்ணெய் பலாப்பால் போல உறைந்து அடியில் ஒட்டியிருந்தது. எரிபொருள் புகும் நுண்ணிய துளையை ஊசியால் குத்த நான் முனைந்ததைத் தடுத்து, வயர்த் துண்டு ஒன்றைச் சீவி, அதிலிருந்து ஒரே ஒரு செப்பு இழையைப் பிரித்தெடுத்து அதனால் துடைத்தார். உருக்கு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், செம்பு மெத்தென்றது, அழுக்கை மட்டும் தள்ளும். புகைக்குழாயில் குளவி கூடு கட்டி, அந்தக் கூடும் மண்ணாகி இறுகியிருந்தது. தாங்கிக்குள் ஒரு பிடி சரளைக் கல்லைப் போட்டு நானும் என் மகனும் மாறி மாறிக் குலுக்கித் துரு நீக்கினோம். தலைக்குரிய பழைய செப்புக் கேஸ்கற்றை அவர் அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து மெதுவாக்கி, அதையே மறுபடி போட்டார். காபரேட்டருக்குரியதை மட்டும், தடித்த பழுப்புக் காகிதத்தை அந்த இடத்தில் வைத்து விளிம்பு நெடுகச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டியெடுத்தார். கடையில் வாங்கியது இரண்டே பொருள்: புதிய பிளக், கயிறு.

ஆறாம் நாள் சாயங்காலம், புதிய ஒயில் ஊற்றி, சிறு தாங்கியில் ஒரு கோப்பை பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஏழெட்டு இழுப்பு வரை ஒன்றுமில்லை. அவர் காற்றை அடைக்கும் மூடியைப் பாதி திறந்துவிட்டு, "இப்ப இழு," என்றார். ஒரு முறை தும்மியது. மறு இழுப்பில் கொட்டிலின் கூரையிலிருந்து புறாக்கள் கலைந்து பறக்க, வெண்புகை மண்டி, அது பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது பெரியம்மா உயிரோடிருந்தபோது. சிலிண்டர் தலையில் தண்ணீர் தெளித்து, அது சீறியதைக் கேட்டு, திறப்பை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பினேன். சத்தம் சற்றே கனத்தது. புகையின் வாசனை மாறியது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல், நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வேலை இன்னும் முடியவில்லை. கியர்ப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் புகுந்து ஒயில் பால்போலாகியிருக்கிறது. செம்பாட்டுக்கடியில் கிடக்கும் சுண்ணக்கல்லில் அடிபட்டு மடங்கிய கத்திகளில் நாலை, கொல்லனிடம் கொடுத்து நிமிர்த்த வேண்டும். ஆயினும் அன்று மாலை, கத்திகளில்லாமலே, அதைப் படலைக்கு வெளியே ஒழுங்கையில் சிறிது தூரம் நடத்திப் பார்த்தேன். எதிரே தன் தகப்பனாரின் சீன யந்திரத்தில் வந்த பையன் ஒருவன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, இது என்ன மிசின்?"

"லான்ட்மாஸ்டர்," என்றேன்.

"அது தெரியுது, மாமா. எந்தக் கொம்பனி?"

நான் எஞ்சினை மெதுவாக்கி, தோளிலிருந்த துவாயின் நுனியால் கைப்பிடிக்குக் கீழே இருந்த தகட்டின் கிறீஸைத் துடைத்துக் காட்டினேன். அவன் குனிந்து, எழுத்துக் கூட்டி, இரண்டு முறை வாசித்தான்.